லெவி போய்விட்டார், மாப்ள

பாளையங்கோட்டை,
அக்டோபர் 2025

அன்புள்ள மாப்ள,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன் அக்கா வீட்டுக்குப் போய்வந்தேன். மூத்தவன் உன்னைவிட வளர்ந்துவிட்டான், பந்தைப் பார்த்து உதைக்கிறான், நல்லவேளை உன்னை மாதிரி இல்லை. அல்வா இந்தத் தடவை கட்டையன் கையில்தான் வரும். போன தடவை அரைக் கிலோவையும் ரூமில் ஒருத்தனுக்கும் காட்டாமல் தின்றாய் என்று புகார்.

செப்டம்பர் 4-ஆம் தேதி ராத்திரி நம் லண்டன் கிளப் டாட்டன்ஹாம் ஸ்பர்ஸின் சேர்மன் லெவி விலகிவிட்டார் என்று செய்தி வந்ததும் நீ அனுப்பிய குரல் செய்தியைக் கேட்டேன். முழுக்க விசில் சத்தம்தான். பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. லெவி பேச்சை எடுத்தால் போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடமாட்டாய். 2012-இல் லீக்கில் நாலாவது இடம் பிடித்துக் கொடுத்த கோச் ரெட்நாப்பை வீட்டுக்கு அனுப்பிய நாளிலிருந்து இதே கதைதான். தாளில் எழுதினால் முழுக்கப் படித்துத்தானே ஆகவேண்டும்.

எனக்கு விசிலடிக்கத் தோன்றவில்லை. 2001-இல் சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்தவர். நாம் ஸ்பர்ஸ் என்று சொல்ல ஆரம்பித்ததிலிருந்து வேறு சேர்மனையே பார்த்ததில்லை. 24 வருஷம் இருந்த ஆளை நல்லவர், கெட்டவர் என்று ஒரு வார்த்தையில் அடைக்க எனக்கு வரவில்லை.

உன் புகார் எல்லாம் எனக்கும் உண்டு. 2007 அக்டோபரில் கெட்டாஃபேயோடு மேட்ச் நடக்கிறது, கோச் மார்ட்டின் யோலைத் தூக்கிவிட்டார்கள் என்று கேலரி முழுக்கப் பேச்சு. அந்த மனுஷனோ அப்போதும் கோட்டோரத்தில் நின்று ஆட்களுக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறார். அப்படியா ஒருத்தரை அனுப்புவார்கள்? கொரோனா வந்ததும் ஆட்டக்காரர் அல்லாத 550 ஊழியர்கள் சம்பளத்தில் 20 சதவீதம் வெட்டு. ரசிகர்கள் கொதித்த பிறகுதான் பின்வாங்கினார். 2021 ஏப்ரலில், பெரிய கிளப்புகள் தனியாகப் பிரிந்து தொடங்கப் பார்த்த சூப்பர் லீக்குக்குப் பெயர் கொடுத்தார். மறுநாளே கோச் மொரின்யோவையும் அனுப்பினார், லீக் கப் ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கையில். காலமெல்லாம் வந்த முதியவர்களின் சீசன் டிக்கெட் சலுகையிலும் கை வைத்தார். இதற்கெல்லாம் நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன்.

ஆனால் எனக்கு ஆறாமல் கிடப்பது 2018 கோடைதான். டீம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. கேன், சன், எரிக்சன், டெலி ஆலி, பின்னால் ரெண்டு பெல்ஜியக்காரர்கள். ரெண்டு பேரை வாங்கிப் போட்டிருந்தால் போதும். ஒருத்தரைக்கூட வாங்கவில்லை. டிரான்ஸ்ஃபர் காலம் என்று வகுத்த பிறகு பிரீமியர் லீக்கில் கோடை முழுக்கச் சும்மா இருந்த முதல் கிளப் நாம்தான். ஜனவரியிலும் யாரும் வரவில்லை; டெம்பெலேவைச் சீனாவுக்கு விற்றதுதான் மிச்சம். அப்படியும் கோச் பொச்செட்டினோ அந்தப் பையன்களை இழுத்துக்கொண்டு மாட்ரிட்டில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் வரை போனார். செமிஃபைனலில் அயாக்ஸோடு ரெண்டாவது மேட்சில் இடைவேளைக்கு மொத்தக் கணக்கில் 3–0 பின்னால் கிடந்தோம், லூக்காஸ் மோரா தனியாளாக மூன்று கோல். கடைசி கோல் விழும்போது நமக்கு ராத்திரி ரெண்டே கால் இருக்கும். கட்டில் சம்பவத்தை நான் எழுதப்போவதில்லை, கட்டையன் இன்னும் அதற்குக் காசு தரவில்லை.

ஃபைனலில் லிவர்பூலிடம் 2–0. காயத்திலிருந்து எழுந்து வந்த கேனுக்குக் கால் ஓடவில்லை. நடுக்களத்தில் மூச்சு வாங்காத ஒரே ஒரு புது ஆள் இருந்திருந்தால் என்று நான் இன்னும் யோசிக்கிறேன். அதே வருஷம் நவம்பரில் பொச்செட்டினோவையும் அனுப்பியாயிற்று. வளைகுடாவில் சம்பாதித்து ஊரில் மாடிமேல் மாடி கட்டுகிற தகப்பன், பிள்ளை பசியோடு பரீட்சைக்குப் போனதைக் கவனிக்காமல் விட்டதுபோல ஆகிவிட்டது அது. வீடு, அதாவது லெவி கட்டிய புது மைதானம், நிற்கிறது, அந்தப் பரீட்சை திரும்ப வரவில்லை.

அந்த வீட்டைப் பற்றித்தான் உன்னிடம் பேசவேண்டும்.

போன மாதம் ஊருக்குப் போனேன். நம் தேரிப் பொட்டலில் கல் ஊன்றிவிட்டார்கள். தெக்கு கோல் போஸ்டு நின்ற இடத்தில் மனை விற்பனைப் பலகை. பெரியவர் இருந்தவரை ஆடவிட்டார், பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். அவர்கள் நிலம், அவர்கள் இஷ்டம். ஆனால் டீம் என்ன ஆனது தெரியுமா? ஈஸ்டருக்குக் கடற்கரை ஊர்களில் நடக்கும் டோர்னமென்டுக்கு இந்த வருஷம் பதினோரு பேர் தேறவில்லை. பையன்கள் வள்ளியூர்ப் பக்கம் போய் டர்ஃபில் மணிக்கு இவ்வளவு என்று காசு கட்டி ஐந்தைந்து பேராக ஆடுகிறார்கள். தெருக்காரனும் தெருக்காரனும் சாயங்காலம் சந்திக்கிற இடமே இல்லாமல் போய்விட்டது. கீப்பர் அண்ணாச்சியிடம் லெவி போனதைச் சொன்னேன். அவர் சொன்னார்: "ஏலே, கப்பு போனா அடுத்த வருசம் வரும். தரை போச்சுன்னா வருமால?"

அன்றிலிருந்து எனக்கு ஸ்பர்ஸின் புது மைதானம் வேறு மாதிரித் தெரிகிறது. பழைய மைதானமான ஒயிட் ஹார்ட் லேனில் 36,000 பேருக்குத்தான் இடம். 2017 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட்டோடு கடைசி மேட்ச் ஆடி இடித்தார்கள். வெம்ப்ளியில் வாடகைக்கு இருந்துவிட்டு 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி கிரிஸ்டல் பேலஸோடு திரும்பி வந்தார்கள். முதல் கோல் சன் போட்டது. இப்போது 62,850 இருக்கை, செலவு நூறு கோடி பவுண்டு அளவுக்கு. புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்கு கேலரிக்கு அடியில் போய்விடும், கீழே அமெரிக்கக் கால்பந்துக்கு வேறு தரை. எல்லாம் பழைய இடத்திலேயே. தாத்தா இறங்கிய அதே ஸ்டேஷனில் பேரன் இறங்கி நடக்கிறான்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். 2011-இல் இதே லெவிதான் கிளப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் மைதானத்துக்குப் போகப் பார்த்தார். வெஸ்ட் ஹாமுக்குக் கிடைத்ததால் பிழைத்தோம். உண்மை, மாப்ள. அவர் செய்ததிலேயே பெரிய காரியம், வேறு வழி அடைபட்ட பிறகு செய்தது. அதனால் அதைச் செய்யவில்லை என்று ஆகிவிடுமா? தடுக்கப்பட்டவர் சும்மா இருந்திருக்கலாம், பாதி விலைக்கு ஒரு கேலரியைக் கட்டி முடித்திருக்கலாம். பிடிவாதமாக நின்று கட்டினார். பேரம் பேசுகிற அதே பிடிவாதம்தான் 2018-இல் நம்மைக் கொன்றது. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட முடியவில்லை எனக்கு.

கேன் விஷயமும் அப்படித்தான் உறுத்துகிறது. 280 கோல் போட்டவன், கிளப்பில் கிரீவ்ஸ் வைத்திருந்த 266 கோல் சாதனையைத் தாண்டியவன், ஒரு கப்பும் தொடாமல் 2023-இல் ஜெர்மனியின் பயர்ன் கிளப்புக்குப் போனான். விலையை லெவி கடைசி வரை இழுத்து வாங்கினார், சரி. இந்த 2025 மே மாதத்தில் அவன் அங்கே லீக் ஜெயிக்கிறான், நாம் பில்பாவோவில் ஐரோப்பா லீக் ஜெயிக்கிறோம். 17 வருஷம் கழித்து ஒரு கப், 2008 லீக் கப்புக்கு அப்புறம். சன் அதைத் தூக்கியபோது நீ அழுதது வீடியோவில் இருக்கிறது, மறுக்காதே. அதே சீசனில் லீக்கில் 17-வது இடம். கப் வாங்கிக் கொடுத்த கோச் போஸ்டகொக்லூவை 16 நாளில் அனுப்பினார்கள். சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க விட்டதில்லை இந்த மனுஷன்.

அவர் போன விதமும் எனக்குப் பிடிக்கவில்லை. விலகல் என்று அறிக்கை. கிளப்பின் முதலாளிகளான லூயிஸ் குடும்பம்தான் அனுப்பியது என்று பத்திரிகைகள் எழுதின. யோலுக்கு நடந்தது தப்பு என்றால் இதுவும் தப்புதான். 24 வருஷம் இருந்தவர் ஒரு மேட்சில் வந்து நின்றிருக்க வேண்டும். திட்டுகிறவன் திட்டியிருப்பான். நான் அங்கே இருந்திருந்தால் கை தட்டியிருப்பேன், 2018-ஐ மறக்காமலே தட்டியிருப்பேன்.

இன்னொரு விஷயம், முக்கியமானது. பொட்டலில் வடபக்கத் துண்டு இன்னும் விலை போகவில்லை. பனைமரங்கள் நிற்கிற பக்கம். முழு மைதானம் வராது, ஏழு பேர் ஆடலாம். பெரியவரின் இளைய மகன் பேசத் தயார் என்கிறான். டீம் பேரில் பதிந்தால் விலையில் கொஞ்சம் இறங்குவான். கீப்பர் அண்ணாச்சி முதல் ஆளாகப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கட்டையனும் உண்டு. தையில் பத்திரம் முடிக்க வேண்டும், அதற்குள் வேறு யாராவது அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் போயிற்று.

நீ எவ்வளவு போடமுடியும் என்று உடனே எழுது. ரூபாயில் எழுது, திர்ஹமில் எழுதிக் குழப்பாதே. கிறிஸ்துமஸுக்கு வந்தால் நாம் ரெண்டு பேருமாகப் போய் அவனிடம் பேசிவிடலாம். பேரம் பேசும்போது மட்டும் நீ வாயைத் திறக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்ள