சிவப்பு பென் டிரைவ்

களியக்காவிளை,
ஞாயிறு காலை

மக்களே,

நேற்று ராத்திரி நீ ஃபோனை வைத்த பிறகு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. மறுபடி கூப்பிட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தை நடுவில் மறித்துப் பேச முடியாது பார்.

பெங்களூரில் மூன்று வருஷமாக வியாழக்கிழமை தோறும் நீ ட்ரம்ஸ் வாசித்த பப்பில் இனி பேண்ட் கிடையாது, டிஜே மட்டும்தான் என்றாய். வேறொரு இடத்தில் போய்க் கேட்டால் "நூறு பேரைக் கூட்டி வருவீர்களா, இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர்" என்று கேட்கிறார்கள். போன மாதம் வாசித்த காசு இன்னும் வரவில்லை. எல்லாம் எனக்குப் புரிந்தது. கடைசியில் ஒன்று சொன்னாயே, "நாலு பேர் சோற்றை ஒருத்தன் லேப்டாப்பைத் திறந்து வைத்துத் தின்கிறான்" என்று, அது என்னை எங்கேயோ குத்திவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன், ஆனால் கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

நான் கானமேளாவில், அதுதான் கேரளத்து உற்சவ மேடைப் பாட்டுக் கச்சேரியில், பாட ஏறியது 1991-ல். எல்லை தாண்டிக் கேரளத்தில், பாறசாலைப் பக்கத்து ட்ரூப். மலையாளப் பாட்டுக்கு அவர்களிடம் நல்ல குரல் இருந்தது. என்னை எடுத்தது தமிழ்ப் பாட்டுக்கு. கேரளத்து உற்சவப் பறம்பில் நடுராத்திரி தாண்டி ஜனம் தலை தொங்கும்போது ஒரு தமிழ் ஃபாஸ்ட் பாட்டு விழவேண்டும், அப்போதுதான் கடலைக்காரன் கூட எழும்புவான். பிறகு மலையாளமும் பாடச் சொன்னார்கள். எனக்கு அந்த எழுத்து வாசிக்க வராது, தமிழில்தான் எழுதிக்கொண்டேன். மலையாளத்தின் நாலு சத்தத்துக்கும் நம்மிடம் ஒரே 'க' தானே. அழுத்திச் சொல்லும் இடத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளி, மூச்சு விட்டுச் சொல்லும் இடத்தில் இரண்டு புள்ளி. சின்னப் பிள்ளையில் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு "அம்மா, இதுக்கு அம்மை போட்டிருக்கு" என்றாய். இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது.

அப்போது எழுந்தருளல் முடிந்து, வெடிக்கெட்டு முடிந்து, மேடை ஏறவே பத்தரை பதினொன்று ஆகும். இறங்கும்போது காக்கா கரையும். பதினான்கு பேர் இருந்தோம். இரண்டு கிட்டார், இரண்டு கீபோர்டு, ட்ரம்ஸ், காங்கோ, தும்பா, புல்லாங்குழல், தபலா. உன் தபலா மாமாவுக்கும் எனக்கும் நடுவே ஒரு ஏற்பாடு உண்டு. சரணத்தில் எனக்கு மூச்சு தட்டினால் இடது கையை இடுப்பில் வைப்பேன். அவர் ஒரு சுற்றை நீட்டி வாசித்து எனக்கு இடம் விடுவார். கேட்கிறவர்களுக்கு அது அவருடைய சாமர்த்தியமாகத் தெரியும், கைதட்டுவார்கள். காப்பாற்றப்பட்டது நான் என்று எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

அந்த ராத்திரி எப்படிச் சுருங்கியது என்று சொல்கிறேன், கேள். ஒலிமாசு விதிகள் 2000-ல் வந்தன. அப்போது யாரும் கண்டுகொள்ளவில்லை. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, மேடைக்குப் பக்கத்தில் போலீஸ்காரர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்க ஆரம்பித்தார். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. வருஷத்தில் 15 நாளுக்கு மேல் போகாமல், விழாக்காலத்துக்கு மட்டும் அரசு 12 மணி வரை தளர்த்திக் கொடுக்கலாம். நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் உள்ள ஊரில் அது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு மணி நேரம் பாடியவர்கள் மூன்று மணி நேரத்துக்கு வந்தோம். கமிட்டிக்காரர், "மூணு மணி நேரத்துக்கு எதுக்கு பதினாலு பேர்?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். தட்டினால் எல்லாத் தாளச் சத்தமும் வரும் ரிதம் பேடு ஒன்று வந்தது, காங்கோவும் தும்பாவும் வீட்டுக்குப் போயின. கீபோர்டு புதிதாக வந்தது, ஒரு கிட்டாரும் புல்லாங்குழலும் போயின. ஒரே நாளில் யாரையும் அனுப்பவில்லை. வேனில் சீட் காலியாகிக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். கடைசியில் கால் நீட்டிப் படுத்து வர இடம் கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சீசன் இல்லாத மாதங்களில் நாங்கள் ஐந்து பேர் ஹைவே ஓரத்து ஹோட்டல் ஒன்றில் சனி ஞாயிறு பாடினோம், உனக்கு நினைவிருக்கும். பார் கீழே, பாட்டு மேலே ஃபேமிலி ரெஸ்டாரண்டில். 2014-ல் கேரள அரசு 418 பாருக்கு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அந்த வருஷமே ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கு மட்டும்தான் பார் என்று கொள்கை வந்தது. குடிக்கிறவனின் பெண்டாட்டிக்கு அது நல்லது, நானும் அப்படித்தான் நினைத்தேன். கீழே பார் பூட்டிய பிறகுதான் மேலே எங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்துகொண்டிருந்தது என்பது புரிந்தது. 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற நீதிமன்ற உத்தரவு நடப்புக்கு வந்தது. அந்த ஜூலையில் மூன்று, நான்கு நட்சத்திர ஹோட்டல்களுக்குத் திரும்ப லைசென்ஸ் கொடுத்தார்கள். பார்கள் திறந்தன. எங்களை யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் நின்ற மூலையில் பெரிய டிவி மாட்டி கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

இனி நான் சொல்ல வந்தது.

2015-ல் கோவளத்தில் ஒரு ரெஸ்டாரண்ட் மேனேஜர் கூப்பிட்டார். ஐந்து பேர் என்றால் கட்டுப்படியாகாது, நீங்கள் மட்டும் ட்ராக், அதாவது பதிவு செய்த இசை, வைத்துப் பாடுவீர்களா, ஒரு ராத்திரிக்கு 2,500 என்றார். ஐந்து பேராகப் பாடியபோது என் பங்கு 1,200. உன் காலேஜ் ஃபீஸ் கட்ட இரண்டு வாரம்தான் பாக்கி. ஆனாலும் பழியை உன் ஃபீஸ் மேல் போட மாட்டேன். ஃபீஸ் இல்லாவிட்டாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். நம் கீபோர்டுக்காரனிடமிருந்தே குரல் மட்டும் இல்லாத இருநூறு மைனஸ் ட்ராக் வாங்கி, ஒரு சிவப்பு பென் டிரைவில் போட்டுக்கொண்டேன். தபலா மாமாவிடம் ஏதோ ரிக்கார்டிங் என்று பொய் சொன்னேன்.

இரண்டாவது வாரமோ என்னவோ, நடுச் சரணத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது. ஸ்பீக்கர் பெட்டி அந்தப் பாட்டை முதலிலிருந்து தொடங்கிவிட்டது. வயலின் எல்லாம் புதிதாக எழும்பி வருகிறது, நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதலிலிருந்து அதே பாட்டை இன்னொரு தடவை பாடினேன். சரணத்தில் மூச்சு தட்டியது. என்னை அறியாமல் இடது கை இடுப்புக்குப் போனது. ட்ராக் அதன் பாட்டுக்குப் போய்விட்டது.

அன்று கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினால், களியக்காவிளை ஸ்டாண்டில் சாயாக் கடை வாசலில் தபலா மாமா நிற்கிறார். என் தோளில் தொங்கிய ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தார்.

"ட்ராக்கா?"

"ஆமா அண்ணா."

"தாளக் காலம் நிக்குதா?"

"நிக்குது."

"அது நிக்கும். நீதான் ஓடுவே," என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு சாயா சொன்னார். வேறொன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. 2020 மார்ச்சில் எல்லாம் அடைத்து இரண்டு சீசன் போனபோது, மீதி இருந்த கொஞ்சமும் அவருக்கு நின்றது. இப்போது பாறசாலையில் லாட்டரி விற்கிறார். தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டார்களே, அதனால் தினமும் பஸ் ஏறி அந்தப் பக்கம் போகிறார். கேட்டால், "கானமேளாவுக்கும் இதே பஸ்ஸுதானே" என்கிறார்.

அந்த டிஜே பையனைத் திட்டும்போது உன் அம்மாவையும் சேர்த்துத் திட்டுகிறாய் என்பதற்காக இதை எழுதினேன். அவனும் யாரோ ஒரு மேனேஜர் கேட்ட கேள்விக்குச் சரி என்றவன்தான். இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாதே. உங்கள் பேண்டில் நீ காதில் தாளம் எண்ணிக் கொடுக்கும் கிளிக் மாட்டிக்கொண்டுதானே வாசிக்கிறாய்? பக்கத்தில் ஒரு லேப்டாப் இருக்கிறதே, வயலின் கூட்டமும் கோரஸும் அதிலிருந்துதானே வருகிறது? அந்த வயலின்காரர்கள் எங்கே, மக்களே?

கல்யாண ரிசப்ஷனுக்கும் கம்பெனி விழாவுக்கும் கூப்பிடுகிறார்கள், ஆனால் அங்கே பிறர் பாட்டைத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள் என்று முகம் சுளித்தாயே. உன் அறைச் சுவரில் 13ஏடி ராக் பேண்டின் படம் ஒட்டி வைத்திருந்தது மறந்துபோனதா? கொச்சி ஸீலார்ட் ஹோட்டலில் ராத்திரி ராத்திரியாக அவர்கள் வாசித்தது பிறர் பாட்டைத்தான். அவர்களுடைய சொந்த ஆல்பம் வந்தது 1990-ல். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீதான். அவியல் பேண்ட்காரர்கள் திருவனந்தபுரத்திலிருந்து மலையாளத்திலேயே ராக் பாடினார்கள் என்பதையும், தைக்குடம் பிரிட்ஜ் பேண்ட் 2013-ல் டிவியிலிருந்து எழும்பி வந்ததையும் நீ சொல்லித்தான் கேட்டேன். எல்லாரும் ஒரே வாசல் வழியாக வரவில்லையே. கல்யாணத்துக்குப் போ. பந்தியில் நல்ல சோறாவது கிடைக்கும்.

பெங்களூர் ஒரு விஷயத்தில் விசித்திரமான ஊர். நீ போன புதிதில், மகன் அங்கே லைவ் பேண்டில் இருக்கிறான் என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். மனிதர் லாரியில் பெங்களூர் போய் வந்தவர், சிரியோ சிரி என்று சிரித்தார். அந்த ஊரில் லைவ் பேண்ட் என்றால் பெண்கள் ஆடுகிற பார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த இடங்களைக் கட்டுப்படுத்த 2005-ல் போட்ட லைசென்ஸ் உத்தரவை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சரி என்றது. கிட்டார் வைத்திருந்த பிள்ளைகளும் அதே வலையில் விழுந்தார்கள். அந்த வருஷம் நீ இரண்டு மாதம் வீட்டில் வந்து படுத்துக் கிடந்தாய். அப்போதும் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றுதான் புலம்பினாய், இப்போதும் அதையே சொல்கிறாய். லைசென்ஸ் பேப்பருக்கு உன் வாசிப்பு கேட்குமா?

காசு விஷயம். பாதியை அட்வான்ஸாக வாங்கு, மீதியை மேடை ஏறும் முன் வாங்கு. ஏறிய பிறகு நீ கலைஞன், இறங்கிய பிறகு கடன்காரன் மாதிரி வாசலில் நிற்பாய். நாற்பத்தைந்து நாள் கழித்துத் தருகிறேன் என்கிறவன் சாராயக் கம்பெனிக்கு அப்படிச் சொல்வானா? பேர் கிடைக்கும் என்று சொல்லி ஓசியில் வாசிக்கக் கூப்பிட்டால் போகாதே. ஒரு உற்சவக் கமிட்டி எங்களுக்குக் காசுக்குப் பதில் பொன்னாடை போர்த்தியது. அதில் உனக்குத் தலையணை உறை தைத்தேன்.

வாசித்து முடித்த ராத்திரியே வண்டி எடுக்காதே. பாலபாஸ்கர் வயலினை நீயும் நானும் புத்தரிக்கண்டம் மைதானத்தில் நின்று கேட்டோமே. 2018 செப்டம்பர் 25, விடிகாலை, திருச்சூரிலிருந்து திரும்பும் வழியில் பள்ளிப்புறத்தில் கார் மரத்தில் மோதியது. அக்டோபர் 2-ல் போய்விட்டார். உன் வண்டிச் சத்தம் கேட்காத ராத்திரியெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான்.

2022 மே 28-ல் ஆலப்புழையில் ப்ளூ டயமண்ட்ஸ் ட்ரூப்பின் ஐம்பதாவது வருஷ விழா மேடையில் கானமேளாப் பாடகர் எடவா பஷீர் பாடிக்கொண்டே சரிந்து விழுந்தார், 78 வயது. மேடையிலேயே போக என்ன பாக்கியம் என்று ட்ரூப்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்தச் சாவு பெரிதாகத் தெரியவில்லை. அந்த வயதில் அவருக்கு ஒரு மேடை இருந்ததே, முழு ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் நிற்க, அதைத்தான் இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஒரு வேலை சொல்கிறேன். பங்குனிக் கொடை விழாவுக்கு நம் அம்மன் கோவில் கமிட்டிக்காரர் வந்தார். வளைகுடாவில் இருக்கிற யாரோ முழுச் செலவும் ஏற்றிருக்கிறார், ஆனால் ட்ராக் கூடாது, ஆள் வைத்து வாசிக்கணும் என்று நிபந்தனை. ஏழு மணிக்குத் தொடங்கி பத்துக்கு முடிக்கவேண்டும். ஏழு பேர். ட்ரம்ஸுக்கு நீ. உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன், அட்வான்ஸும் வாங்கியாயிற்று. கிளிக்கை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வா. நான் ஓடுவேன், நீதான் பிடிக்கவேண்டும்.

தபலாவுக்கு யார் என்று கேட்காதே. போன வாரம் பாறசாலைக்குப் போய், டிக்கெட் ஒன்று வாங்கிவிட்டுச் சொன்னேன். கை நடுங்குது என்றார். எனக்கும்தான் குரல் நடுங்குது என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே, வலது தபலாவின் தோல் போய்விட்டது, இங்கே நல்லது கிடைப்பதில்லை என்றார். நான் சரி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பெங்களூரில் நல்ல கடையாகப் பார்த்து ஒரு தோல் வாங்கி வா. ஐந்தரை இஞ்ச் வாய், நூல் பிடித்து நானே அளந்தேன். ஆறு இஞ்ச் வாங்கி வந்து நின்றால் அந்த மனிதர் உன்னை விடமாட்டார், என்னையும்தான்.

அம்மா