குளக்கட்டில் கவிழும் தாச்சிகள்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னிக் குளங்களைச் சுற்றுலா இடங்களாக்குவது பற்றி உங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். வான் வாகனங்கள் தரிப்பதற்கு இடம், கூடாரம் அடிக்க மருதமர நிழல், இரவில் வெளிச்சம் என்று எல்லாவற்றையும் யோசித்த கட்டுரையாளர், வருகிறவர்களுக்குப் பசிக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டார். பசித்தால் சமைப்பார்கள். மீன் பொரித்த எண்ணெய் பிறகு எங்கே போகும்? வவுனிக்குளத்துக் கட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவள் என்ற முறையில் நான் சொல்கிறேன்: குளத்துக்குள்தான் போகிறது.

வருகிறவர்கள் எல்லாரும் பொறுப்பற்றவர்கள் அல்லர். வெற்றுப் போத்தல்களையும் பொலித்தீன் பைகளையும் உரப்பையில் கட்டி வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிற குடும்பங்கள் இப்போது நிறைய உண்டு. அப்படிப்பட்டவர்களே புறப்படும் நேரத்தில் மீன் பொரித்த தாச்சியைத் துறையில் கவிழ்த்துவிட்டு, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மனம் நிறைந்து போகிறார்கள். எண்ணெய் சாப்பாட்டுச் சாமான்தானே, மண்ணும் தண்ணீரும் தின்றுவிடும் என்ற நினைப்பு. குப்பை என்றால் பிளாஸ்டிக் மட்டுமே என்று பழகிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வான்கள் எல்லாம் போன பிறகு துறைக்கு வந்து பாருங்கள். படிக்கல்லில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு பிசுக்கு, அதில் ஒட்டிக்கொண்ட கறிவேப்பிலையும் திலாப்பியாச் செட்டையும். தெருநாய் ஒன்று கல்லை நக்கிக்கொண்டு நிற்கும். தண்ணீரின் மேல் பல நிறத்தில் ஒரு படலம். காற்று அதை அப்படியே தள்ளிக்கொண்டுவந்து, துணி துவைக்கிற மூலையில் நுரையோடு சேர்த்து வைத்துவிடும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை அந்தத் தண்ணீரில் அலசிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஒரு தாச்சி எண்ணெய் இவ்வளவு பெரிய குளத்தை என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின் இலண்டனில் கிளப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அது ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்புக்குப் பரவியது. 1774இல் அதை எழுதியும் வைத்தார். மீன் பொரித்து மிஞ்சுகிற கால் லீற்றரில் தேக்கரண்டிக் கணக்கில் 50 இருக்கிறது. காற்றில்லாத நீரில் 25 ஏக்கருக்குப் போதும். குளம் செத்துப்போகும் என்று நான் பயமுறுத்த வரவில்லை. ஆனால் ஒரு நீண்ட விடுமுறையில் எத்தனை தாச்சிகள் கவிழ்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். எண்ணெய் மூடினால் நுளம்புக் குடம்பிகள் மூச்சுத் திணறிச் சாகும், நல்லதுதானே என்று ஓர் இளைஞர் என்னிடம் வாதாடினார். உண்மைதான். நீர்ப்பரப்பில் வந்து மூச்சு விடுகிற மற்றப் பூச்சிகளும் சேர்ந்துதான் சாகும். அவற்றைத் தின்கிற மீனைத்தான் அந்தத் தம்பி அப்போது பொரித்துக்கொண்டிருந்தார்.

குளத்தில் ஊற்றாமல் குளக்கட்டு மண்ணில் ஊற்றுவதும் சரியான வழி அல்ல. மணத்துக்குக் காட்டுப்பன்றி வரும். வந்தால் கிண்டாமல் போகாது. குளக்கட்டைக் கிண்ட விடுவது எவ்வளவு ஆபத்து என்று எந்தக் கமக்காரரும் சொல்லுவார். நெருப்பில் ஊற்றுவது அதைவிட மோசம். ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு மடுவில் காட்டு நிழலில் நாட்கணக்காகத் தங்கிச் சமைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அது சருகு காய்ந்து கிடக்கிற காலம். பற்றிய எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் நெருப்பு மேலே சீறும். தாச்சியை மூடியால் மூடி, அடுப்பை நிறுத்துவதுதான் வழி.

படுக்கையும் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும் உள்ளேயே பொருத்திய கேம்பர் வான்களில் வருகிறவர்கள், நாங்கள் வெளியே எதையும் ஊற்றுவதில்லை என்று பெருமைப்படலாம். தொட்டியில் ஊற்றிய எண்ணெய் வாகனத்தின் அடியில் இருக்கிற கழிவுநீர்த் தாங்கிக்குத்தான் போகிறது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் அதைக் குழாயில் கொஞ்சத் தூரம் கொண்டுபோகும். ஆறியதும் அது திரும்பக் குழாயில் படியும். தாங்கியின் சுவரில் ஒட்டி நாறும். நீர்மட்டம் காட்டுகிற கருவியும் அதன்பிறகு பொய் சொல்லும். கடைசியில் அந்தத் தாங்கியைத் திறந்துவிடுகிற இடம் வீதியோர வாய்க்காலாக இருந்தால், வெளியே ஊற்றியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கள் உறவினர்கள் ஒரு வழி சொல்கிறார்கள்: கொழுப்பை ஆறவிடு, கட்டியாகும், வழித்தெடுத்துக் குப்பையில் போடு. பன்றிக்கொழுப்புக்கும் ஆட்டுக்கொழுப்புக்கும் அது சரி. நாங்கள் பொரிப்பது தேங்காய் எண்ணெயில். அது உறைய வெப்பநிலை 24 பாகைக்குக் கீழே இறங்க வேண்டும். மார்கழிப் பனியில் போத்தலுக்குள் உறைவதைப் பார்த்திருக்கிறோம். ஆவணி வெக்கையில் விடியும்வரை காத்திருந்தாலும் அது உறையாது.

எங்களுக்கு ஏற்றது உமி. அரிசி ஆலைகளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்கிறது. மூடியுள்ள பால்மாப் பேணி ஒன்றில் முக்கால்வாசிக்கு உமியை நிரப்பி எடுத்து வாருங்கள். உமி இல்லாவிட்டால் மரத்தூளும் போதும். எண்ணெய் நன்றாக ஆறிய பிறகு அதில் ஊற்றிக் கிளறுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. தாச்சியைக் கழுவுவதற்கு முன்னால் பழைய பத்திரிகைத் தாளால் வழித்துத் துடைத்து, அந்தத் தாளையும் பேணிக்குள் போடுங்கள் (உங்கள் பத்திரிகையானாலும் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்). வீட்டுக்குக் கொண்டுபோனால் விறகடுப்பில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு எரிக்கலாம். காஸ் அடுப்புக்காரர்கள் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம். இன்னும் நல்லது, தாச்சி நிறைய எண்ணெய் விடாமல் கொஞ்சமாக விட்டுப் பொரிப்பது. அதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்க மாட்டார்கள்.

வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும். அது அம்மனின் அற்புதம். அவளைக் கும்பிட்டுத் திரும்புகிற வழியில் குளத்துநீரில் எண்ணெய் ஊற்றுகிற நாங்கள் எந்த விளக்கை ஏற்றப் போகிறோம்?

நீர்நிலைகளை மாசுபடுத்துகிறவர்களைக் கேள்வி கேட்க 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் இருக்கிறது. தாச்சியோடு நிற்கிற ஒரு தாயிடம் சட்டம் பேச எனக்கு விருப்பமில்லை. பிரதேச சபைகளிடமும், கோயில், தேவாலய நிர்வாகங்களிடமும் கேட்பது இதைத்தான்: ஆட்கள் தங்கிச் சமைக்கிற இடங்களில் உமி போட்ட பீப்பாய் ஒன்று வையுங்கள். நாட்டின் தெற்கில் இருந்தும் மடுவுக்குப் பெருந்தொகையானோர் வருவதால் அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். பீப்பாய்க்கு இறுக்கமான மூடி தேவை. வன்னிக் குரங்குகளால் திறக்க முடியாத மூடியை நான் இன்னும் காணவில்லை. ஆகவே மூடியின் மேல் பாரமான கல் ஒன்றையும் தூக்கி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வவுனிக்குளம்.