தன் வழக்கில் தானே வாக்களிக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வல்லரசுகளைக் கட்டுப்படுத்த இயலாத சர்வதேசச் சட்டத்தால் யாருக்கும் பயனில்லை என்று தங்கள் தலையங்கம் முடிவுகட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. சட்டம் தன் கடமையைச் செய்த பிறகு, அதை நிறைவேற்ற வேண்டிய இடத்தில்தான் வழி அடைபடுகிறது.

மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் துறைமுகங்களில் கடற்கண்ணிகளை வைத்ததும், அந்நாட்டு அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் அளித்ததும் சட்டமீறல் என்று தி ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றம் 1986 ஜூன் 27 அன்று அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்கு ஒரு நாடு பணியாவிட்டால் பாதுகாப்பு அவையை நாடலாம் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 94-ஆவது பிரிவு. நிகரகுவா நாடியது. தீர்ப்புக்குப் பணியுமாறு கோரிய தீர்மானத்தை, அக்டோபரில் நடந்த வாக்கெடுப்பில் 11 நாடுகள் ஆதரித்தன. பிரிட்டன், பிரான்ஸ், தாய்லாந்து ஆகியவை வாக்களிக்காமல் விலகின. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒன்று எதிர்த்தாலே தீர்மானம் தோற்றுவிடும்; இதுதான் வீட்டோ. அந்த ஒரு வாக்கு வீட்டோ ஆனதால் தீர்மானம் தோற்றது.

உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கண்டிக்கும் தீர்மானம் 2022 பிப்ரவரி 25 அன்று வந்தபோதும் கணக்கு அதேதான்: ஆதரவு 11, எதிர்ப்பு 1, விலகியவை 3 (இந்தியாவும் அவற்றுள் ஒன்று). எதிர்த்த ரஷ்யாவே அந்த மாதம் அவைக்குத் தலைமையும் வகித்தது என்பதை என்னவென்று சொல்வது!

சாசனத்தை இயற்றியவர்கள் இதை எண்ணிப் பார்க்காமல் இல்லை. தகராறில் ஒரு தரப்பாக இருக்கும் நாடு வாக்களிக்காமல் விலகியிருக்க வேண்டும் என்று 27-ஆவது பிரிவின் 3-ஆம் உட்பிரிவு கூறத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடு, தகராறுகளைச் சமாதான வழியில் தீர்ப்பது பற்றிய முடிவுகளோடு நின்றுவிடுகிறது. பொருளாதாரத் தடைகளுக்கும் படை நடவடிக்கைக்கும் இடமளிக்கும் 7-ஆம் அத்தியாயத்தை அது தொடுவதில்லை. பொருந்தும் இடங்களில்கூட அதை வலியுறுத்தும் வழக்கம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வீட்டோ பயன்படுத்தப்பட்டால் 10 வேலைநாட்களுக்குள் பொதுச்சபை கூட்டப்பட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் ஏற்பாடு செய்தார்கள். அங்கே விவாதிக்கலாம், வீட்டோவை நீக்க முடியாது.

நிரந்தர உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே தீர்வு என்ற தங்கள் வாதமும் எனக்கு ஏற்புடையதன்று. புதிய உறுப்பினர்களுக்கும் இதே அதிகாரம் கிடைத்தால், தன் வழக்கில் தானே தீர்ப்பெழுதக்கூடிய நாடுகளின் எண்ணிக்கைதான் பெருகும். நிரந்தர இடம் கோரும் நாடுகள், தாங்கள் தரப்பாக உள்ள எந்தத் தகராறிலும், அது எந்த அத்தியாயத்தின் கீழ் வந்தாலும், வாக்களிக்க மாட்டோம் என்று இப்போதே எழுதித்தர முன்வருமா என்பதைத் தாங்கள் அடுத்த தலையங்கத்தில் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்