2024–25 ஆண்டறிக்கை: ரயில் விபத்து இழப்பீட்டு உதவிப் பணி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் தினமும் பயணிக்கும் நம் பயணிகள் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம். சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் படிப்பார். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. எனக்குத் தரப்பட்ட நேரத்தை இழப்பீட்டு உதவிப் பணிக்கே எடுத்துக்கொள்கிறேன்.

2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் மெயின் லைனில் போகாமல், ரயில்களை ஒதுக்கி நிறுத்தும் பக்கப் பாதையான லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்ற சரக்கு ரயிலில் மோதியது. உயிரிழப்பு இல்லை; காயம் பட்டவர்கள் இருந்தார்கள். தண்ணீரும் சாப்பாடும் கொண்டு ஓடிய உறுப்பினர்களுக்கு நன்றி. காயம்பட்ட சிலரின் போன் நம்பரை வாங்கி வைத்தது அதைவிடப் பயன்பட்டது. இந்தி தெரிந்த உறுப்பினர் ஒருவர் பிறகு அவர்களிடம் பேசினார். ரயில்வே உடனே கொடுக்கும் கருணைத்தொகை வேறு, சட்டப்படி கேட்டுப் பெறும் இழப்பீடு வேறு. முதலாவதை வாங்கியதால் இரண்டாவது குறையாது. இதுவே பலருக்குத் தெரியவில்லை. மனுப் போட சென்னைக்கு வரவும் வேண்டாம். இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தில், குடியிருக்கும் ஊருக்குரிய அமர்விலேயே போடலாம். பீகார்க்காரர்களுக்குப் பாட்னாவில் அமர்வு இருக்கிறது. கெடு ஓராண்டு. ஆகவே இந்த விபத்துக்கு 2025 அக்டோபர் 10-க்குள் மனுச் சேர வேண்டியிருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்கலாம் என்று சட்டம் சொன்னாலும், அதை நம்பி யாரும் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பெரிய விபத்துக்குச் செய்தியாளர்கள் வருகிறார்கள். கூட்ட நெரிசலில் மின்சார ரயிலிலிருந்து ஒருவர் விழுந்தால் யாரும் வருவதில்லை. என் மனத்தை உறுத்துவது இதுதான். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தாலும் ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி இழப்பீடு உண்டு. யார் தவறு என்ற கேள்வியே எழாது. 2017 முதல் காயத்தின் தன்மையைப் பொறுத்து 8 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வாசலில் நின்றது கவனக்குறைவு என்று சொல்லி மறுக்க முடியாது. டிக்கெட் கையில் இல்லை என்பதற்காக மட்டும் தள்ளவும் கூடாது என்று 2018-இல் ரீனா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தற்கொலை முயற்சி, குடிபோதை போன்றவை விலக்கு. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால் இந்தப் பிரிவு உதவாது.

அந்தக் கடைசி வரியில்தான் நம் உறுப்பினர் ஒருவரின் மனு சிக்கியது. ரயிலிலிருந்து விழுந்தவரை, லைனைக் கடந்தவர் என்று முதல் நாள் காவல் குறிப்பில் எழுதிவிட்டார்கள். அவர் மயக்கத்தில் இருந்தார், சொல்ல ஆளில்லை. கூடப் பயணித்த நண்பர்களைத் தேடிப்பிடித்துப் பிரமாண வாக்குமூலம் வாங்கித் தாக்கல் செய்திருக்கிறோம். விசாரணை நடக்கிறது.

ஆகவே யார் விழுந்தாலும், உடன் இருப்பவர் அன்றே ஸ்டேஷன் மாஸ்டரிடமும் இருப்புப்பாதைக் காவல் நிலையத்திலும் நடந்ததைச் சொல்லிப் பதியவைக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘ரயிலிலிருந்து விழுந்தார்’ என்று இருக்கட்டும்; எந்த எலும்பு, எந்த விரல் என்பதும் தெளிவாக இருக்கட்டும், தொகை அதைப் பார்த்துத்தான் முடிவாகிறது. சீசன் டிக்கெட்டை போனில் வைத்திருப்பவர்கள் அதன் படத்தை வீட்டாருக்கும் அனுப்பிவையுங்கள். விழும்போது போனும் போய்விடுகிறது.

இந்த மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பங்கு கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் தரகர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மனு எழுத உதவ வரும் ஆண்டில் இரண்டு உறுப்பினர்களை நியமிக்கும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரிந்த ஓய்வுபெற்றோர் முன்வந்தால் நல்லது.

செயலாளர்