டாங்கி விழாவுக்குப் போகிறவர்கள் அறைக் கணக்கை முதலில் போடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ராணுவ ஜீப் வைத்திருப்பவர்களும் டாங்கி ஆர்வலர்களும் ஐரோப்பியக் கண்காட்சிகளுக்குத் திட்டமிடும்போது முதலில் வாங்குவது விமானச் சீட்டைத்தான். சலுகை விலையில் கிடைத்த மகிழ்ச்சி, அறை தேடத் தொடங்கியதும் கரைந்துவிடுகிறது. முதலில் விழாத் தேதி, அடுத்து அறை, பிறகு விசா, கடைசியில்தான் விமானம். இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு படியிலும் கூடுதல் பணம் போகும்.

பிரான்ஸின் நார்மண்டியையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் 1944-இல் அங்கே தரையிறங்கியதன் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 6-ஐ ஒட்டி அங்கே ஜீப்புகளும் ஜிஎம்சி என்ற அமெரிக்க ராணுவ லாரிகளும் ஊர் ஊராக அணிவகுத்து ஓடுகின்றன. சாந்த்-மேர்-எக்லீஸ், கராந்தான், அரோமான்ஷ் தெருக்களில் நின்றால் போதும், அணிவகுப்பைப் பார்க்கக் காசு கிடையாது. ஆனாலும் இந்தப் பயணத்தின் மொத்தச் செலவு பெரியது. வண்டி ஓட்டி வருபவர்கள் பிரிட்டன், நெதர்லாந்து, பெல்ஜியத்திலிருந்து ஓராண்டு முன்னதாகவே அறைகளைப் பிடித்துவிடுகிறார்கள். பிந்தி வருபவருக்கு மிஞ்சுவது விலை ஏறிய அறைகள். பாரிஸ் சான்-லசார் நிலையத்திலிருந்து செர்பூர் செல்லும் ரயில் பாதை லிசியு, கான், பேயோ, கராந்தான் வழியாகப் போகிறது. எனவே லிசியுவிலோ செர்பூரிலோ தங்கிக்கொண்டு ரயிலில் போய்வருவது நல்லது. அரோமான்ஷுக்கு ரயில் இல்லை, பேயோவிலிருந்து பேருந்திலோ காரிலோ போக வேண்டும். 2024-இல் வந்த 80-ஆவது ஆண்டு போன்ற பெரிய நினைவு ஆண்டுகளில் நாட்டுத் தலைவர்கள் வருவார்கள், பாதுகாப்புக்காகச் சாலைகளை மூடுவார்கள். அதற்கு அடுத்த ஆண்டு போனால் கூட்டமும் கெடுபிடியும் குறையும், வாகனங்கள் என்னவோ ஓடத்தான் போகின்றன.

இங்கிலாந்தின் டார்செட்டில், பாவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் ஜூன் இறுதியில் நடத்தும் ‘டாங்க்ஃபெஸ்ட்’ என்ற டாங்கி விழாவின் கணக்கு வேறு. நுழைவுச் சீட்டை முன்பதிவு செய்தே ஆக வேண்டும், தீர்ந்தும் போகும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து வேமத் செல்லும் பாதையில் ஊல் நிலையம் வரை சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து அருங்காட்சியகம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். ஊல் சின்ன ஊர், இறங்கிய பிறகு டாக்சி தேடினால் கிடைப்பது கடினம். டாக்சிக்கு முன்பே சொல்லி வைக்கவும், இல்லையென்றால் முக்கால் மணி நேரம் நடக்கவும் தயாராக இருக்க வேண்டும். தங்குவதற்கு அதே ரயில் பாதையில் வேர்ஹம், பூல், போர்ன்மவுத், டார்செஸ்டர் இருக்கின்றன. போர்ன்மவுத்தும் வேமத்தும் கடற்கரைச் சுற்றுலா ஊர்கள். கோடைக்கால சனி, ஞாயிறுகளில் அறை விலை எகிறும். ஆகவே வியாழன் இரவு தங்கி வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியைப் பார்ப்பதே சிக்கனம். மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து போனால், நெரிசலில்லாத நேர ரயில்களில் ‘குரூப்சேவ்’ என்ற குழுச்சலுகை மூன்றில் ஒரு பங்கு கட்டணத்தைக் குறைக்கும். இதற்குத் தனி அட்டை எதுவும் வாங்க வேண்டியதில்லை.

1943-இல் துனிசியாவில் பிடிபட்டு இப்போது இதே அருங்காட்சியகத்தில் இருக்கும் ஜெர்மானிய டாங்கி டைகர் 131 ஓடுவதைப் பார்க்கவே போகிறவர்கள், தாம் போகும் ஆண்டில் அது எந்த நாளில் ஓடுகிறது என்ற அறிவிப்பைப் பார்த்த பிறகே தேதி முடிவு செய்யட்டும். அதற்கென்றே ‘டைகர் டே’ என்று தனி நாட்கள் வைக்கிறார்கள். தேதி தவறினால் அவ்வளவு செலவும் நின்றுகொண்டிருக்கும் டாங்கிக்குத்தான்.

பிரான்ஸும் இங்கிலாந்தும் ஒரே பயணத்தில் என்றால் இரண்டு விசா வேண்டும். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. ஆறு மாத பிரிட்டன் விசா 2025 ஏப்ரலில் 127 பவுண்ட் ஆனது. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் இவற்றில் சேராது. ஷெங்கனுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து ஷெங்கனுக்கும், மூன்று மாதம் முன்பிருந்து பிரிட்டனுக்கும் விண்ணப்பிக்கலாம். பாஸ்போர்ட் ஒன்றுதானே, ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கொடுக்க முடியாது, ஆகவே ஜூன் பயணத்துக்கு ஜனவரியிலேயே ஷெங்கனை முடித்துவிட்டு, ஏப்ரல் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு விண்ணப்பிப்பது பதற்றமில்லாத வழி. விசா வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டுமே பிடியுங்கள். லண்டனில் இறங்கி, நடுவில் பிரான்ஸ் போய்வந்து, லண்டனிலேயே விமானம் ஏறினால் ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதும். பாரிஸில் இறங்கி, இங்கிலாந்து போய், மீண்டும் பாரிஸ் வழியே திரும்புவதானால் இருமுறை நுழைய அனுமதி வேண்டும். இதைக் கவனிக்காதவர் திரும்பும் பயணத்தை முழுதாக மாற்றி வாங்க நேரிடும்.

கடைசியாக உதிரிபாகம். இத்தகைய விழாக்களின் கடைகளில் ஜீப் பாகங்களைக் கண்டதும் கை பரபரக்கும். அங்கே மிகுதியாக இருப்பவை போர்க்கால அமெரிக்க ஜீப்புகளான வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ வண்டிகளுக்கானவை. நம்மூர் மகிந்திரா சிஜே-3பி வண்டிக்கு அவற்றில் பல பொருந்தாது. எம்பியின் கியர்பாக்ஸ் டி-84 வகை, சிஜே-3பியினுடையது டி-90 வகை. எம்பி எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கில் இருக்கின்றன, சிஜே-3பியில் எரிபொருள் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு, பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டில் இருப்பதால் இரண்டுக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட்டும் வேறு. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் இரண்டிலும் ஸ்பைசர் 18 வகைதான் என்றாலும், பாக எண்ணை எழுதி எடுத்துப் போய் ஒப்பிடாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பெட்ரோல் பட்ட பழைய கார்புரேட்டர், ஃப்யூவல் பம்ப், டேங்க் ஆகியவற்றை விமான நிறுவனங்கள் ஆபத்தான சரக்காகவே கருதும். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிட்டால் காசு போனதுதான். வெற்றுத் தோட்டா உறை, குண்டு ஓடு, பொம்மைத் துப்பாக்கி எதையும் நினைவுப் பொருளாக வாங்க வேண்டாம். பாரிஸ்–லண்டன் யூரோஸ்டார் ரயிலிலேயே அவற்றை ஏற்ற விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
பழைய ஜீப் பராமரிப்போர் சிலர்,
கோயம்புத்தூர்