முதலில் விலை கேட்டவரை அனுப்பிவிட்டோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில் மன்னார்குடி வாசகி ஒருவர், வீட்டை விற்கப் போட்டு எட்டு மாதம் ஆகிறது, இவ்வளவு தருகிறேன் என்று ஒருவரும் விலை கேட்கவில்லை, இன்னும் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டிருந்தார். மார்க்கெட் மந்தமாக இருக்கிறது, பொறுமையாக இருங்கள் என்று பதில் வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. இதே பதிலை நம்பித்தான் நாங்கள் இரண்டு வருடத்தை விட்டோம்.

எங்கள் அப்பா வீடு கும்பகோணத்தில் இருந்தது. 17 அடி அகலம், 130 அடி நீளம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கிணறு, கொல்லை என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த வீட்டை நான் விவரிக்க வேண்டியதில்லை. 1951இல் தாத்தா வாங்கியது. 2019இல் அப்பா தவறிய பிறகு அம்மா கொஞ்ச காலம் தனியாக இருந்து பார்த்தார். முடியவில்லை. திருச்சிக்கு என்னோடு வந்துவிட்டார். 2022 தை பிறந்ததும் புரோக்கரிடம் சொல்லி, வாசலில் போர்டும் மாட்டினோம்.

பத்தொன்பதாம் நாள் ஒருவர் விலை கேட்டார். மளிகைக் கடை வைத்திருப்பவர், மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் கிணற்றில் தண்ணீர் சேந்திக் குடித்துப் பார்த்தார். கடைக்காரர் கொல்லைக் கதவைத் திறந்து வெகுநேரம் நின்றார். மறுநாள் காலையில் போன் வந்தது. 42 லட்சம், முழுப் பணமும் வங்கி வழியாக, பத்திரத்திலும் அதே தொகை. நாங்கள் 60 சொல்லியிருந்தோம். "ஐம்பத்தைந்துக்குக் கீழே பேச்சே இல்லை" என்று அண்ணன் லண்டனிலிருந்து சொன்னார். நானும் சரி என்றேன். அம்மா மட்டும், "அந்தப் பொண்ணு கிணத்தை நல்லாப் பாத்துக்கும்" என்றார். நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த 60 லட்சம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. எதிர்சாரியில் ஒரு வீடு 58க்குப் போனதாகத் தெருவில் பேச்சு. எங்கள் வீடு அதைவிட நீளம், அதனால் 60. அவ்வளவுதான் எங்கள் கணக்கு. பிற்பாடு அந்த வீட்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தேன், பதிவான விற்பனைகள் அதில் இருக்கும். கைமாற்றுத் தொகை 27 லட்சம் என்று இருந்தது. அந்த வீட்டை விற்றவரையே ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டேன். தன் கைக்கு வந்தது 46 லட்சம் என்றார். அதுவும் அந்த வீட்டுக்குப் பின்தெருவிலும் வாசல் உண்டு, கார் உள்ளே போகும். ஒரே வீட்டுக்கு மூன்று விலை. தெருவில் சொன்னதும் பொய், பத்திரத்தில் எழுதியதும் பொய். நிஜ விலை இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் தெரிந்தது.

நம் ஊரில் வீட்டுக்கு விலை படிய இவ்வளவு நாள் ஆவதற்குப் பெரிய காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். பத்திரத்தில் அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையை எழுதிவிட்டு மீதியைப் பையில் வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, வாங்கினால் வாங்கிய அளவுக்கே அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்லியும் இது நிற்கவில்லை. இதனால் அடுத்து விற்கிறவருக்கு அண்டை வீட்டின் உண்மையான விலை தெரிய வழியே இல்லை. தெருப்பேச்சை நம்பி விலை சொல்கிறார். வாங்க வருபவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டு போகவில்லை, வருத்தத்தோடுதான் போகிறார். தன்னால் எட்ட முடியாது என்று நினைத்து விலையே கேட்காமல் போகிறார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1995 முதல் எந்த வீடு என்ன விலைக்குப் போனது என்பதை நிலப் பதிவகமே வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அண்ணன் தன் வீட்டை வாங்கும்போது பக்கத்து வீடுகளின் விலையை எல்லாம் அதில் பார்த்துவிட்டுத்தான் பேசினாராம். அவரே கும்பகோணத்து வீட்டுக்குத் தெருப்பேச்சை நம்பினார். வேறு எதை நம்புவது?

அப்புறம் காத்திருந்தோம். வீடு பார்க்க வருகிறவர்களை அம்மா ஒரு நோட்டில் எழுதி வைப்பார். 2023 வைகாசி வரை 31 பேர் வந்திருந்தார்கள். ஒருவர்கூட விலை கேட்கவில்லை. பார்க்க வருகிறவர் வேறு, விலை கேட்கிறவர் வேறு. முன்னவர் எத்தனை பேர் வந்தாலும் வீடு விற்காது. வந்தவர்கள் சொன்னது பெரும்பாலும் நியாயமான விஷயங்கள்தான்: கார் நிறுத்த இடமில்லை, அகலம் போதாது, இடித்துக் கட்டினாலும் இரண்டு பக்கமும் பொதுச் சுவர். தெற்குப் பார்த்த வாசல் என்று திரும்பியவர்கள் நான்கைந்து பேர். ஆடியில் யாரும் வர மாட்டார்கள், மார்கழியிலும் இல்லை. ஆகவே வருடத்துக்குப் பத்து மாதம்தான் கணக்கு.

இரண்டாவதாக விலை கேட்டவர் 39 என்றார். இந்த முறை ஒத்துக்கொண்டோம். அதுவும் நடக்கவில்லை. அவர் வங்கிக் கடன் வாங்கி வாங்குபவர். வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, எழுபது வருடத்துக்கு மேலான கட்டடம், அதற்குப் பெரிய மதிப்பில்லை என்று மனைக்கு மட்டும் கணக்குப் போட்டு 29 லட்சம் என்றார். 30 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், இதைத் தாண்டி வங்கிகள் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. பத்திரச் செலவு அதில் சேராது. மீதியை அவர் எங்கே போய்ப் புரட்டுவார்? அனுமதி பெற்ற வரைபடம் வேறு கேட்டார்கள். 1951இல் வாங்கிய வீட்டுக்கு வரைபடத்தை நாங்கள் எங்கே தேடுவது?

அதைவிடப் பெரியதை அவருடைய வக்கீல் கண்டுபிடித்தார். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை, 1971இல் இறந்தார். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மகளுக்கும், அதாவது எங்கள் அத்தைக்கும், அப்பாவுக்குச் சமமான பங்கு உண்டு. ஐம்பது வருடமாக யாரும் இதைப் பேசியதே இல்லை. அத்தைக்குக் கல்யாணம் செய்து அனுப்பியதோடு கணக்கு முடிந்தது என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மூன்று பிள்ளைகளையும் நேரில் போய்ப் பார்த்தேன். மூத்தவள் கண் கலங்கி, "அம்மா இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றாள். அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அவர்கள் பங்குக்குப் பேசி, வீடு விற்றதும் கொடுப்பதாக ஒத்துக்கொண்டு, விற்பனைப் பத்திரத்தில் அவர்களும் கையெழுத்துப் போடுவது என்று முடிவானது. இணையத்தில் வில்லங்கம் அப்போது எங்களுக்கு 1975 முதல்தான் கிடைத்தது. அதற்கு முந்தையதற்குத் தனியாக மனு போட்டோம். டவுன் சர்வே பதிவு தாத்தா பெயரிலேயே இருந்தது, அதை மாற்ற அலைந்தோம். வாரிசுச் சான்றிதழ்கள் தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, அத்தைக்கு. அண்ணன் லண்டனில் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, தனக்காக இங்கே கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் அனுப்பினார். அப்படி வரும் பவருக்கு, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். எல்லாம் முடிய ஏழு மாதம். அதுவரை 39 சொன்னவர் காத்திருக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தை வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். இங்கே வசிப்பவர் விற்றால் 50 லட்சத்துக்குக் கீழே வாங்குபவர் வருமான வரி பிடிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு அந்த வரம்பு கிடையாது, விகிதமும் அதிகம், பிடித்துக் கட்டும் பொறுப்பு வாங்குபவர் தலையில். கடைசி நேரத்தில் இதைச் சொன்னால் பார்ட்டி பயந்துபோவார். வீடு பார்க்க வந்த ஒருவர் இதைக் கேட்டதும் அப்படித்தான் போனார்.

காகிதங்கள் கையில் இருந்தபோது நடந்ததைப் பாருங்கள். 2024 தையில் விலையை 44 என்று மாற்றிச் சொல்லி, பத்திர நகல்களை ஒரு கோப்பில் வைத்து, பார்க்க வந்தவர்களிடமே கொடுத்தோம். இருபத்திரண்டு நாளில் இரண்டு பேர் விலை கேட்டார்கள். ஒருவர் 45 தருகிறேன், பத்திரத்தில் 20 போடலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டோம். மற்றவர் 41. மாசியில் முழுத் தொகைக்கும் பத்திரம் முடிந்தது. முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அவர் கட்டினார். இப்போது அந்தத் தெருவில் யார் வில்லங்கம் போட்டாலும் ஒரு வீட்டின் நிஜமான விலை தெரியும்.

முதலில் கேட்டவரைவிட ஒரு லட்சம் குறைவு, இரண்டு வருடம் கழித்து. இடையில் வந்த மழைகளில் கூடத்து ஓடு சரிந்து அதற்கும் செலவு. பணத்தைவிட அம்மாதான் எனக்கு வருத்தம். ஒவ்வொரு முறை யாராவது பார்க்க வரும்போதும் என்னோடு திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, வந்தவர்களுக்குக் காபி கொடுத்து, அவர்கள் போனதும் பூட்டிவிட்டு அழுவார். எழுபத்தெட்டு வயதில் ஒரு வீட்டை ஒருமுறை விட்டுப் பிரிவதே அதிகம்.

அன்று 42க்குச் சரி என்றிருந்தாலும் அத்தை பங்கு விஷயம் வந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். வந்திருக்கும். ஆனால் தண்ணீரைச் சுவைத்துப் பார்த்து வாங்க நினைத்தவர்கள் கொஞ்சம் காத்திருப்பார்கள். கடன் இல்லாமல் வாங்குபவருக்கு வங்கியின் கெடுவும் கிடையாது. 39 லட்சத்துக்கு இறங்கியபோது அந்த மளிகைக் கடைக்காரரின் எண்ணை அம்மாவின் நோட்டிலிருந்து எடுத்துக் கூப்பிட்டேன். வேறு வீடு வாங்கிக் குடிபோய் ஒரு வருடம் ஆகிவிட்டது என்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதியில் பதில் எழுதுபவர், மார்க்கெட் எப்படி என்று சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கட்டும்: விலையை எப்படி முடிவு செய்தீர்கள், வீடு யார் பெயரில் இருக்கிறது, அந்த வீட்டில் பிறந்த பெண்கள் எத்தனை பேர். பூர்வீக வீடுகளில் அத்தைகளின் பங்கு பற்றி ஒரு வக்கீலை வைத்து விரிவாக எழுதுங்கள். டெல்டா மாவட்டங்களில் பூட்டிக் கிடக்கும் பல வீடுகளுக்கு அது உதவும்.

மன்னார்குடி சகோதரிக்கு: எட்டு மாதத்தில் ஒருவருமே கேட்கவில்லை என்கிறீர்கள். முதல் மாதத்தை இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைவு என்று நீங்கள் பொருட்படுத்தாமல் விட்ட ஒரு போன் இருந்ததா? இருந்தால் அந்த எண்ணைத் தேடி எடுத்து இன்றைக்கே பேசுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
திருச்சி