கப்பல் வந்துவிட்டது, காமாட்சி

மில்டேரா, கச்சால் தீவு, நிக்கோபார்
ஆடி 4

அன்புள்ள காமாட்சிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? கோத்தகிரிக் குளிரில் விடியற்காலை பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கப்போவதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பங்குனியில் நீ போட்ட கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. தப்பு என்மேல்தான். "அந்தத் தீவில் இனி உனக்கு என்ன இருக்கிறது, மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு" என்று எழுதியிருந்தாய். என்ன சொல்வதென்று தெரியாமல் அரிசி டின்னுக்குள் மடித்து வைத்துவிட்டேன். நேற்று வந்த கப்பலில் உன் இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. அதிலும் அதே பாட்டுத்தான். கூடவே ஒரு வசவு வேறு. சரி, வாங்கிக்கொண்டேன். போனில் பேசலாம் என்றால், நீ "ஹலோ" சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. கடலுக்கடியில் கேபிள் போட்டு, 2020லிருந்து பக்கத்துக் கமோர்ட்டாவில் ஓரளவு பேச முடிகிறது. இங்கே வானம் இருண்டால் போனும் செத்துவிடும். அதனால் கடிதம்தான்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். செல்விக்குப் பெண் குழந்தை. நம் கமலா டீச்சர் மாதிரியே அகலமான நெற்றி. பிறந்து முப்பத்துமூன்றாம் நாள்தான், நேற்று, நான் அதன் முகத்தைப் பார்த்தேன்.

ஏன் அத்தனை நாள் என்று கேட்பாய். வைகாசியில் செல்விக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. இங்கே வைத்துப் பார்க்க முடியாது, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே போர்ட் பிளேர் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். (பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். எழுதும்போது எனக்கு இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) 400 கிலோமீட்டருக்கு மேல் கடல். மூன்று டிக்கெட் கேட்டோம், இரண்டுதான் கிடைத்தது. மாப்பிள்ளையும் அவளும் போனார்கள். பெற்றவள் நான் கப்பல்துறை ஜெட்டியில் நின்றேன். கார் நிக்கோபார் தாண்டியதும் பத்து டிகிரி கால்வாய் வருமே, 150 கிலோமீட்டர் அகலம், நடுவில் ஒதுங்க ஒரு தீவு கிடையாது. தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்ட நேரம். எட்டு மாத வயிற்றோடு பங்க் படுக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போனாளாம். படுத்தால் உருண்டுவிடுவோம் என்று பயம். இதை மாப்பிள்ளை நேற்றுத்தான் சொன்னார். முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கியிருக்காது.

பிள்ளை பிறந்தது, இருவரும் நலம் என்று தகவல் மட்டும் வந்தது. அடுத்த கப்பல் புறப்பட்டபோது பிள்ளைக்கு ஒன்பது நாள், பச்சை உடம்பு, ஏற்ற வேண்டாம் என்றார்கள். அதற்கு அடுத்தது கடல் சரியில்லை என்று ரத்து. அதற்கும் அடுத்தது பழுதுபார்க்கப் போய்விட்டது. இப்படியே 23 நாள் கப்பல் இல்லாமல் கிடந்தோம்.

அந்த 23 நாளை உனக்கு எப்படிச் சொல்வது! ரேஷன் அரிசி இருந்தது, பட்டினி இல்லை. முதலில் தக்காளி போனது, பிறகு உருளைக்கிழங்கு, பிறகு வெங்காயம். கடைசி வெங்காயத்தை நான்கு வீட்டுக்காரர்கள் பங்கு போட்டோம் என்றால் நம்புவாயா? வாழைக்காய், பப்பாளிக்காய், முருங்கைக்கீரை, தேங்காய் என்று மாறி மாறிச் சமைத்தோம். கடல் அடங்கிய இரண்டு நாள் நிக்கோபாரிப் பையன்கள் ஹோடி என்கிற தோணியை இறக்கி மீன் கொண்டுவந்தார்கள். கேஸ் தீர்ந்து ரப்பர் விறகுக்குப் போனோம். கரண்ட் டீசலில்தானே ஓடுகிறது, டீசலும் கப்பலில்தானே வரவேண்டும்! கையிருப்பு குறையக் குறைய விளக்கு எரியும் நேரமும் குறைந்துகொண்டே வந்தது. இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளை அந்தப் பக்கம் பிறந்து கிடக்கும்போது, விளக்கில்லாத ராத்திரியில் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேனே, அது இதுவரை பழகாதது.

முந்தாநாள் கார் நிக்கோபாரிலிருந்து ஒருவர் எப்படியோ லைன் பிடித்துச் சொன்னார்: "கப்பல் இங்கே வந்துவிட்டது, கிளம்பப்போகிறது." அவ்வளவுதான், ஊர் தூங்கவில்லை. சௌரா, தெரசா தீவுகளைத் தொட்டுக்கொண்டு வரவேண்டும். சௌராவில் அலை அடித்தால் அங்கேயே பாதி நாள் போய்விடும். விடியுமுன் கொப்பரை மூட்டைகளும் பாக்கு மூட்டைகளும் லாரியில் ஏறிவிட்டன. நானும் ஏறிக்கொண்டேன். கப்பங்கா ஜெட்டியில் பாதித் தீவு நின்றது. கேப்டன் வந்திருந்தார். கப்பல் கேப்டன் இல்லை, நிக்கோபாரி ஊர்த்தலைவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். ஒவ்வொரு தடவையும் நீ குழப்பிக்கொள்கிறாய்!

கப்பலின் மூக்கு முனை தெரிந்தபோது யாரும் கத்தவில்லை, கை தட்டவில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள், அவ்வளவுதான். சங்கு ஊதியதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. 1974ல் இலங்கையை விட்டு வரும்போது தலைமன்னாரில் நீயும் நானும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோமே, அதே சத்தம். உன் அம்மாவின் குடை ஞாபகம் வந்தது. அதைப் பற்றி இனிமேல் எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன், நிறுத்திவிட்டேன்.

அலை விடவில்லை. கப்பல் ஜெட்டியோடு சேர்ந்து நிற்காமல் ஏறி ஏறி இறங்கியது. பக்கவாட்டில் கட்டிய டயர்கள் நசுங்கி முனகின. ஏணிப்பலகை போட்டார்கள், அதுவும் ஆடியது. மேலே செல்வி நின்றாள், முகம் வெளுத்து, தலைமுடி கலைந்து. அவள் கையில் ஒரு துண்டுச் சுருணை. அதுதான் என் பேத்தி என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிள்ளையோடு அந்தப் பலகையில் இறங்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேப்டனின் மகன் ஓடிப்போய்ப் பலகையின் பாதியில் நின்றான். கப்பல் கீழே இறங்கும்வரை இரண்டு கையையும் நீட்டியபடி காத்திருந்தான். அது தாழ்ந்து இடைவெளி குறைந்த நொடியில் வாங்கினான். வாங்கியவன் அசையவில்லை. இன்னொரு அலை போகட்டும் என்று பிள்ளையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றான். பிறகு நேராக என்னிடம் வந்தான். "நானி, லோ" என்றான், பாட்டி, வாங்கிக்கொள் என்று இந்தியில். பிள்ளையின் காதில் பஞ்சு. உச்சந்தலையை முகர்ந்தேன். பால் வாசனை இல்லை காமாட்சி, டீசல் வாசனை. இங்கே வரும் எல்லாப் பொருளும் அப்படித்தான் மணக்கும், அரிசியிலிருந்து கல்யாணப் புடவை வரைக்கும்.

பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் சாமான் இறங்கியதையே கவனிக்கவில்லை. கிரேன் வலையில் சாக்குச் சாக்காக இறங்கியது. கேஸ் சிலிண்டர், முட்டை அட்டை, டீசல் பீப்பாய், பள்ளிக்கூட நோட்டு, ஆஸ்பத்திரி மருந்துப் பெட்டி, தபால் பை. தக்காளிப் பெட்டியில் அடி வரிசை முழுக்க அழுகிச் சாறாக வடிந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை, மேல் வரிசையை எடுத்துக்கொண்டு அழுகியதை விதைக்கு வைத்துக்கொண்டார்கள். வெங்காயம் விரற்கடை அளவு முளைவிட்டிருந்தது. நான் இரண்டு கிலோ வாங்கி நான்கைக் கொல்லையில் நட்டுவிட்டேன். ராத்திரி எல்லா வீட்டிலும் வெங்காயம் வதங்கும் வாசனை. காலனி முழுக்க ஒரே நேரத்தில் அந்த வாசனை எழுந்ததை நீ ஒரு தடவை அனுபவிக்க வேண்டும்.

இனிமேல்தான் விஷயம்.

சாப்பிட்டு முடித்து, பிள்ளையைத் தூளியில் போட்டபின் செல்வி சொன்னாள்: "அம்மா, இந்தப் பிள்ளை இங்கே வளராது. நான் போகப்போகிறேன்." கோபத்தில் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன் என்றாள். "பிள்ளைக்கு நடு ராத்திரியில் காய்ச்சல் வந்தால் ஹெலிகாப்டருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது." மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. பவர் ஹவுஸில் தினக்கூலி, அதுவும் நிச்சயமில்லாதது. எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் அவளை என்ன சொல்லித் தடுப்பது? 1964ல் இந்தியா, இலங்கைத் தலைவர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று. அதில் இரண்டு தலை நீயும் நானும். மண்டபம் முகாமில் ஒரு மேசை முன்னால் நின்றோம், ரப்பர் வெட்டத் தெரியுமா என்று கேட்டார்கள், அப்பா தெரியும் என்றார். அந்த ஒரு சொல்லில் எங்களுக்கு அந்தமான், உங்களுக்கு நீலகிரி. நம்மை யார் கேட்டார்கள்? இவளாவது தானே முடிவு பண்ணுகிறாளே என்று ஒரு பக்கம் மனசு சொல்கிறது. இன்னொரு பக்கம் அடித்துக்கொள்கிறது.

இந்தத் தீவு சுருங்கிக்கொண்டே வருகிறதடி. 2000 ஜனவரி 1 அன்று அந்த ஆயிரமாண்டின் முதல் சூரியனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் இங்கே வந்தார்கள், உனக்குக்கூட எழுதினேனே. அடுத்த ஆண்டு கணக்கெடுப்பில் கச்சாலில் 5,300 பேருக்கு மேல். அங்கன்வாடிக்காரி என்று வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருத்தி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, 2011ல் எண்ணினால் 2,700 பேர்கூட இல்லை. செத்தவர்கள் ஒரு பங்கு, பயந்து போனவர்கள் ஒரு பங்கு. மேற்குக் கரையில் நான் தலை எண்ணிய ஊர்கள் இப்போது ஊராகவே இல்லை. ரப்பர் தோட்டமும் நின்றுவிட்டது. இவர் மட்டும் இன்னும் விடியற்காலையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு போகிறார். வீட்டுக்குப் பின்னால் பதினேழு மரம். பட்டையை மெல்லிசாக, தாள் மாதிரி சீவுகிறார். பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு குந்தியிருக்கிறார். அந்தப் பாலில் செய்கிற ரப்பர் ஷீட்டை வாங்க ஆள் இல்லை, திண்ணையில் அடுக்கிக்கிடக்கிறது. ஏன் வெட்டுகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தீவில் என்ன இருக்கிறது என்று கேட்டாயே. நேற்று பலகையில் நின்றானே ஒரு பையன், அவனுக்கு நான்தான் "ஏபிசி" சொல்லிக்கொடுத்தேன். சுனாமி அன்று அவன் பாட்டியும் நானும் இதே ரப்பர் மரங்களுக்கு நடுவில் மூன்று ராத்திரி ஒரே தார்ப்பாயில் படுத்திருந்தோம். அவள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவளுக்குத் தெரியாது, இளநீரை மாற்றி மாற்றிக் குடித்தோம். பதினேழு மரமும் இவரும் இருக்கிறார்கள். நட்ட வெங்காயம் இருக்கிறது. பத்து வயதில் ஒரு வீட்டை விட்டேன். இந்த வயதில் இன்னொன்றை விட எனக்குத் தெம்பில்லை காமாட்சி. நான் வரமாட்டேன். இதைச் சொல்லத்தான் நாலு மாதம் ஆனது. கோபித்துக்கொள், ஆனால் எழுதாமல் இருந்துவிடாதே.

செல்வி வருவாள். எப்போது என்று தெரியாது, ஐப்பசி மழை கழிந்து கடல் படிந்த பிறகு ஏற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து சென்னைக்குக் கப்பலோ விமானமோ மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாடகைக்கு ஒரு சின்ன வீடு பார்த்து வை. ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கவேண்டும். மாப்பிள்ளைக்கு ஜெனரேட்டர் வேலை நன்றாகத் தெரியும், ஏதாவது ஃபாக்டரியில் கேட்டுப் பார்க்கச் சொல். உன் மகனிடம் நான் கேட்டதாகச் சொல், செய்வான்.

கப்பல் தெற்கே கேம்பல் பே துறைமுகத்துக்குப் போயிருக்கிறது. திரும்பும்போது நாளை மறுபடி இங்கே தொடும், இரண்டு மணி நேரம் நின்றால் அதிகம். இவர் இப்போதே சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார், கடிதத்தைத் தபால் ஆபீசில் சேர்க்க. மற்றதை அடுத்ததில் எழுதுகிறேன்.

வீடு வெயில் விழுகிற பக்கமாக இருக்கட்டும். பிள்ளைக்குக் குளிர் பழக்கமில்லை.

உன்,
ராக்கு